மனுவை யார் எழுதுவது?

திங்கட்கிழமை என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு இடங்களில் கூட்டம். ஒன்று பெரம்பலூர் ஆட்சியர் அலுவலகம். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். இன்னொன்று சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பது வழக்கம். கோயிலில் ஒரு பெண் சொல்ல வந்ததைத் தன் வாயால் சொல்லிவிடலாம். ஆட்சியர் அலுவலகத்தில் மனு வேண்டும். பத்தாவது படித்தவளுக்கும் அதை எழுத இன்னொருவர் வேண்டியிருக்கிறது. மாமியார், வாய்க்கால், அடகு வைத்த தோடு, விற்றுப்போன ஆடு என்று அவள் கால்மணி நேரம் சொல்கிறாள். எழுதுபவர் தலையாட்டிக்கொண்டே ‘பொருள்’ என்று போட்டு அடிக்கோடு இழுக்கிறார். பத்து வரியில் முடிந்துவிடுகிறது. அதில் ஆடு இல்லை, தோடு இல்லை, அவளும் இல்லை. ‘மேற்படி மனுதாரர்’ என்று ஒருவர் இருக்கிறார்.

கதை சொல்லும் உத்தி என்று நாங்கள் கல்லூரியில் நடத்துவதும் இந்தக் காரியத்தைப் பற்றித்தான். ஆனால் அப்படி நடத்துவதில்லை. பின்னோக்கு உத்தி, நனவோடை உத்தி, கடித உத்தி, நாட்குறிப்பு உத்தி என்று பட்டியல் போடுகிறோம். ‘இந்நாவலில் அமைந்துள்ள உத்திகளை விளக்குக’ என்று கேட்கிறோம். பிள்ளைகளும் உபதலைப்பு போட்டு எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். யாருடைய கதையை யார் சொல்கிறார், சொல்கிறபோது எதை வெட்டினார், வெட்டியதால் யாருக்கு லாபம் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. உத்தியை அலங்காரமாக்கி வைத்திருப்பது ஆண்களுக்கு வசதி. அலங்காரத்தைப் பற்றி யாரும் சண்டை போடமாட்டார்கள் அல்லவா?

சண்டை போட்டவர் எங்கள் ஊர்க்காரர். ப. சிவகாமி பெரம்பலூரில் பிறந்தவர். ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. அந்த நாவலின் தங்கம், கணவனை இழந்த தலித் பெண். கணவனின் நிலப்பங்கை அவன் உடன்பிறந்தவர்கள் தர மறுக்கிறார்கள். அவள் வேலை செய்கிற நிலத்தின் சொந்தக்காரன் அவளைப் பயன்படுத்திக்கொள்கிறான். அடி விழுவதோ அவளுக்கு. அடிப்பது அவன் மனைவியின் ஆட்கள். உடம்பெல்லாம் காயத்தோடு, தலித் தலைவரான காத்தமுத்துவின் வீட்டுக்கு வந்து விழுகிறாள். காத்தமுத்து புகார் எழுதுகிறார். நடந்தது நடந்தபடி எழுதினால் வழக்கு நிற்காது. அவள் நடத்தையைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆகவே மேல்சாதித் தெரு வழியாக நடந்ததற்காக அடித்தார்கள் என்று கதையை மாற்றுகிறார்.

இந்த இடத்தில் அவசரப்பட்டுக் காத்தமுத்துவைத் திட்டக் கூடாது. அவர் கெட்டிக்காரர். சட்டத்துக்கு எந்தக் கதை காதில் விழும் என்று தெரிந்தவர். சாதி அந்த அடியில் இல்லாமலும் இல்லை. மனு வேலை செய்யவும் செய்கிறது. ஆனால் அந்த மனுவில் தங்கத்தின் உடம்புக்கு நேர்ந்தது காணாமல் போகிறது. அப்படிக் காணாமல் போன உடம்பைத்தான் பிறகு காத்தமுத்துவே எடுத்துக்கொள்கிறார். அவள் கதைக்குச் சொந்தக்காரராகி, அவள் பணத்துக்குச் சொந்தக்காரராகி, கடைசியில் அவளுக்கும் சொந்தக்காரராகிறார். ‘உத்தி’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தத் திறனாய்வு நூலிலும் நான் படிக்கவில்லை.

சிவகாமி அதோடு நிற்கவில்லை. பின்னர் ‘ஆசிரியர் குறிப்பு’ எழுதினார். முதல் நாவலை எழுதியவளையே அதில் பாத்திரமாக்கி ஊருக்குத் திரும்ப அனுப்புகிறார். நீ எதைச் சேர்த்தாய், எதை விட்டாய், அப்பாவை அப்படி எழுதியது நியாயமா என்று அவளைக் கேட்க வைக்கிறார். காத்தமுத்துவின் மனுவைச் சோதித்தவர் தன் நாவலையும் ஒரு மனுவாக எடுத்துச் சோதிக்கிறார். 2006இல் அவரே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே புத்தகமாக வந்தன. இதையே ஒரு ஆண் செய்திருந்தால் பின்நவீனத்துவம் என்று கருத்தரங்கு வைத்திருப்பார்கள். சிவகாமியைத் ‘தலித் பெண் எழுத்தாளர்’ அலகில் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறோம்.

ஒரு பருவத்தில் என் மாணவிகளிடம், தங்கத்தின் மனுவைத் தங்கமே எழுதட்டும், நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்றேன். பெரும்பாலானவர்கள் அடியிலிருந்து தொடங்கினார்கள். கடலைக்காட்டில் வேலை செய்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற ஒருத்தி மட்டும் நிலத்திலிருந்து தொடங்கினாள். கணவன் பங்கு எவ்வளவு, யார் பெயரில் பட்டா, யார் உழுகிறார்கள் என்று எழுதி, அடி வாங்கியது அவள் தாளில் இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. அதே சம்பவங்கள்தான். வரிசை மாறியதும் தங்கம் பரிதாபத்துக்குரியவளாக இல்லை. பாக்கி கேட்க வந்தவளாக இருந்தாள்.

சினிமாவுக்கு வருவோம். நம் பிள்ளைகள் கதை கேட்டு வளர்வது பெரும்பாலும் அங்கேதான். 2016இல் வந்த இந்திப் படம் ‘பிங்க்’. அன்றிரவு அறைக்குள் நடந்தது என்ன என்பதைக் கடைசிவரை காட்டாமல், படம் முடிந்து பெயர்கள் ஓடுகிறபோதுதான் காட்டுவார்கள். அதுவரை பார்ப்பவருக்கு அந்தப் பெண்களின் வாய்ச்சொல் மட்டுமே உண்டு. நம்புகிறாயா இல்லையா என்று படம் நம்மைக் கூண்டில் ஏற்றுகிறது. நல்ல உத்தி. ஆனாலும் அவர்களுக்காகப் பேச ஒரு பெரிய மனிதர் தேவைப்பட்டார். 2019இல் அது தமிழில் ‘நேர்கொண்ட பார்வை’ ஆனபோது அந்தப் பெரிய மனிதர் இன்னும் பெரிதானார். வழக்கறிஞருக்கு இறந்துபோன மனைவியோடு ஒரு பிளாஷ்பேக் சேர்ந்தது. அடியாட்களைப் புரட்டி எடுக்கும் சண்டையும் சேர்ந்தது. மூன்று பெண்களின் வழக்கில் வக்கீலின் கைவலிமைக்கு என்ன வேலை? ‘வேண்டாம் என்றால் வேண்டாம்’ என்பதைத் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் கொண்டுபோக நட்சத்திரம் வேண்டும் என்கிறார்கள். காத்தமுத்துவும் அதைத்தான் சொன்னார்: நான் எழுதினால்தான் எடுபடும்.

தமிழில் வக்கீல் வைக்காமல் வழக்காடிய ஒருத்தி இருக்கிறாள். சிலப்பதிகாரத்தில் அந்தப் பகுதிக்குப் பெயரே வழக்குரை காதை. அரசன் யாரென்று கேட்கிறான். கண்ணகி தன் ஊரைச் சொல்கிறாள், கணவனைச் சொல்கிறாள், தன் பெயரைச் சொல்கிறாள், சிலம்பை உடைக்கிறாள். அவளுக்காக யாரும் மனு எழுதவில்லை. ஆனால் வழக்கில் வென்ற பெண்ணைக் காப்பியம் அதிக நாள் விட்டுவைக்கவில்லை. பதினான்காம் நாள் கோவலன் வானிலிருந்து வந்து அழைத்துப்போகிறான். மிச்சமெல்லாம் அரசன் கல் எடுத்த கதை. 1968இல் மெரினாவில் வைத்த சிலையிலும் கண்ணகி அரசவையில் நின்ற அந்த ஒரு நொடியில்தான் இன்னும் உறைந்து நிற்கிறாள்.

எங்கள் சிறுவாச்சூர்க் கதை இதை ஒப்புக்கொள்ளவில்லை. மதுரையை எரித்த பிறகு அவள் இந்தப் பக்கம் நடந்து வந்தாள் என்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு செல்லியம்மனிடம் தங்க இடம் கேட்டாள். ஒரு மந்திரவாதி என்னைக் கட்டிப்போட்டு ஏவல் செய்ய வைக்கிறான், உன்னை எப்படித் தங்க வைப்பேன் என்றாள் செல்லி. வந்தவள் மந்திரவாதியை முடித்தாள். செல்லி கோயிலை அவளிடம் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போனாள். அதனால்தான் இன்றும் தீபாராதனை முதலில் மலைப்பக்கம் காட்டப்படுகிறது. இந்தக் கதையில் கோவலன் இல்லை. விமானம் இல்லை. புருசன் விவகாரம் முடிந்த பிறகும் ஒருத்திக்குச் செய்ய வேலை இருக்கிறது. அந்த வேலை இன்னொருத்தியின் கட்டை அவிழ்ப்பது. மாவிளக்குக்கு மாவு இடிக்கிற பெண்களுக்கு இது தெரியும். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இது ‘தலபுராணச் செய்தி’ என்று அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது.

2017 ஆகஸ்டில் அரியலூர் மாவட்டம் குழுமூரிலிருந்து ஒரு பெண் டெல்லிக்கு வழக்குரைக்கப் போனார். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்கியவர். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. நீட்டில் 720க்கு 86. நீட் வழக்கில் தன்னையும் சேர்க்கக் கோரி உச்ச நீதிமன்றத்தை அணுகிய அனிதா, அங்கே பத்திரிகையாளர்களிடமும் பேசினார். ஆகஸ்ட் 22இல் நீட்டின்படியே கலந்தாய்வு என்று உத்தரவானது. செப்டம்பர் 1இல் அவர் இல்லை.

அன்றுமுதல் அனிதாவின் கதையைச் செப்டம்பர் 1இலிருந்தே பின்னோக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மேடையில், தொலைக்காட்சியில், நம் கவிதைகளிலும் முதலில் சாவு, பிறகு குடிசை, பிறகு மதிப்பெண். பின்னோக்கு உத்தியில் எல்லாமே முடிவை நோக்கித்தான் சரியும். அவர் வாதாடியதுகூடச் சாவுக்கு முன்னோட்டமாகிவிடுகிறது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு இன்று அவர் பெயர். அந்தக் கல்லூரியில் படிக்க வருகிற குழுமூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் எண்ணிச் சொல்ல அந்த அரங்கத்தில் ஒரு பலகை இல்லை. அனிதாவைப் பற்றி எழுத வருகிறவர்கள் குழுமூரிலிருந்து தொடங்கட்டும், 1176இலிருந்து தொடங்கட்டும், டெல்லியில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று அவர் கேட்டது என்ன என்பதிலிருந்து தொடங்கட்டும். அவர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.