கழுவிவிட்ட கை சமைக்கக் கூடாதா?

சென்ற மாதம் ஓர் அங்கன்வாடி மையத்துக்குப் போயிருந்தேன். ஊருக்கும் காலனிக்கும் நடுவே சாலையோரம் இருக்கும் மையம். அன்று வந்திருந்தவர்கள் பதினேழு பிள்ளைகள். சாப்பாட்டு நேரம் வந்ததும் பதினோரு பேர் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆறு பேர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். இங்கேயே சூடாகச் சோறும் முட்டையும் இருக்கும்போது எதற்கு வீட்டுச் சோறு என்று கேட்டேன். பணியாளர் பதில் சொல்லாமல் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தரையைப் பார்த்தார். ஒரு சின்னப் பெண்தான் பதில் சொன்னாள்: "ஆயாம்மா ஆக்குனதத் திங்கக் கூடாதுன்னு அப்பத்தா சொல்லுச்சு."

அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் பெண் பாவாடையிலேயே மலம் போய்விட்டாள். தூக்கிக்கொண்டு போய்க் கழுவி, பாவாடையை அலசிக் காயப்போட்டு, வேறு துணி கட்டிவிட்டவர் அதே ஆயாம்மாதான். கழுவிவிடும்போது இல்லாத தீட்டு, சோறு போடும்போது மட்டும் அந்தக் கைக்கு எங்கிருந்து வருகிறது?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-ல் சத்துணவுத் திட்டமும் வந்த பிறகு, பால்வாடி என்ற சொல்லைத் தெரியாத கிராமமே இல்லை என்றானது. இன்று மாநிலத்தில் சுமார் 54 ஆயிரம் மையங்கள் இயங்குகின்றன. களை பறிக்கவும் செங்கல் சூளைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் தாய்மார்கள், பிள்ளையை நம்பி விட்டுப்போக இருக்கும் ஒரே இடம் இதுதான்.

அங்கே நடக்கும் வேலையை நாம் சரியாகப் பார்ப்பதில்லை. மாதாமாதம் எடை போட வேண்டும், உயரம் அளக்க வேண்டும். எடை குறைந்த பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு கொடுக்க வேண்டும். தடுப்பூசி நாளில் வீடு வீடாகப் போய் அழைத்துவர வேண்டும். பதிவேட்டில் எழுதியதைச் செல்போன் செயலியிலும் ஏற்ற வேண்டும். பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் இவர்கள் தலையில்தான். உதவியாளருக்கோ கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, சமைப்பது, ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்கவைப்பது என்று காலை முதல் இடுப்பு நிமிராது.

இதற்கு என்ன கூலி? 2018 அக்டோபர் முதல் மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். உதவியாளருக்கு நாளொன்றுக்கு 75 ரூபாய்! 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலியே 319 ரூபாய். மாநில அரசு தன் பங்கையும் சேர்த்துச் சிறப்புக் காலமுறை ஊதியமாகத் தருகிறது என்பது உண்மை. ஆனாலும் இவர்களை முழு அரசு ஊழியராக ஏற்க எந்த அரசும் முன்வரவில்லை. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அது ஊதியம்தான், 1972-ம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. 'சேவை', 'தாய்மை' என்று புகழ்ந்து கூலியைக் குறைப்பது பழைய தந்திரம். தோட்டி வேலையையும் வெட்டியான் வேலையையும் 'ஊர்ச் சேவை' என்று சொல்லித்தானே நம் பாட்டன்களைப் படியரிசிக்கு வேலை வாங்கினார்கள்?

பட்டியலினப் பெண்ணாக இருந்தால் இந்தக் குறைந்த கூலியோடு அவமானமும் சேர்ந்துகொள்கிறது. 2018-ல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்துச் சத்துணவு சமையலர் சமைக்கக் கூடாது என்று ஒரு பகுதிப் பெற்றோர் தடுத்தார்கள். அதிகாரிகள் தடுத்தவர்களைக் கேட்பதற்குப் பதிலாக அந்த அம்மாவை இடமாற்றம் செய்தார்கள். இயக்கங்கள் போராடிய பிறகே உத்தரவு ரத்தானது, வன்கொடுமை வழக்கும் பதிவானது. அந்தச் செய்தி வெளியே வந்தது. டிபன் பாக்ஸில் மூடிவைக்கப்படும் தீண்டாமை செய்தியாவதில்லை. யாரும் பள்ளிக் கதவைப் பூட்டுவதில்லை, கூச்சல் போடுவதில்லை. பிள்ளை கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில், 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம், மதிய உணவு சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. ஒன்றாக உட்கார்ந்து உண்பதால் சாதி கரையும் என்ற நம்பிக்கை அந்த உத்தரவில் இருக்கிறது. அதே வழக்கில் 2006 டிசம்பரில், ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்றும், பட்டியலின, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நம் காலனிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் குடியிருப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். மையம் இல்லையென்றால் அந்தப் பட்டியலோடு கிராம சபையில் எழுந்து தீர்மானம் கேளுங்கள். மையம் இருந்தால் ஒரு நாள் மதியம் போய், யார் எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். தனிப் பந்தி, தனித் தட்டு இருந்தால் வட்டார குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் மனுக் கொடுங்கள். ஆயாம்மாவை மாற்றிச் சமாதானம் செய்ய விடாதீர்கள். இடம் மாற வேண்டியவர் அவரல்ல.

ஊர்த் தெருப் பெற்றோர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் அந்த ஆயாம்மாதான். பிள்ளைக்கு அவரைப் பிடிக்கும், மடியில் படுத்துத் தூங்குகிறது. 'அ, ஆ' படிக்கும் முன்பே அந்தக் குழந்தைக்குச் சாதியை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அன்று நான் கிளம்பும்போது அந்தச் சின்னப் பெண் தன் டப்பாவை மூடிவைத்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் தட்டில் இருந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இந்தப் பெண்களைப் பாராட்ட விழா மேடையும் பொன்னாடையும் தேவையில்லை. அரசு செய்ய வேண்டியது, முறையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் பணிக்கொடையும் வழங்குவது. நாம் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். நாளைக் காலை டிபன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பிள்ளையை அனுப்புவோம்.