ஊசுட்டேரியில் விருந்தாளிகள்... சத்தம் போடாமல் பார்த்துட்டு வரலாம் வாங்க!

பாண்டியில் வீக் எண்ட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ராக் பீச், ஆரோவில் என்று பெரிய லிஸ்ட் இருக்கிறது. கடலைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் முத்தியால்பேட்டைக்காரர்களுக்கோ பீச் அலுத்துப்போன சமாச்சாரம். 'பிள்ளைங்களை வேற எங்கதான் கூட்டிட்டுப் போறது?' என்று யோசிக்கிறீர்களா? விடியற்காலையில் மணிக்கூண்டிலிருந்து பைக்கை எடுங்கள். டிராஃபிக் இல்லாத நேரத்தில் அரை மணி நேரப் பயணம்தான், ஊசுட்டேரி வந்துவிடும்.

ஒரு ஏரி, ரெண்டு அரசு!

புதுச்சேரியிலேயே பெரிய ஏரி இதுதான். மொத்தப் பரப்பு சுமார் 800 ஹெக்டேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புதுச்சேரிக்கும், மீதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்கும் சொந்தம். பாசனத்துக்காக வெட்டிய ஏரி இது. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்கிறது. 2008-ல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சில வருடங்கள் கழித்துத் தமிழ்நாடும் தன் பகுதியை அறிவித்தது. பறவைகளுக்கு எல்லைக்கோடு ஏது? இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கம் போகும். இரண்டு பக்கமும் விரட்டினால்தான் சிக்கல்.

யாரெல்லாம் வருவாங்க?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சீஸன். ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து எல்லாம் வடக்கே குளிர் நாடுகளிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருபவை.

உள்ளூர் ஆட்களும் சுவாரஸ்யமானவர்கள்தான். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம் போட்டது நாமக்கோழி. மூடிய அலகின் நடுவே இடைவெளி தெரிந்தால் அது நத்தைகுத்தி நாரை. தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் பாம்பு மாதிரி நெளிந்தால் பாம்புத்தாரா. தாமரை இலைமேல் நீண்ட விரல்களோடு நடப்பது நீளவால் இலைக்கோழி. இதில் ஒரு வேடிக்கை, முட்டையை அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் அப்பாதான்! முட்டை போட்டதும் அம்மா அடுத்த ஜோடியைத் தேடிக் கிளம்பிவிடும். வீட்டில் அப்பாவை வம்புக்கு இழுக்க நல்ல விஷயம்.

ஒரு கல் எறிந்தால் என்ன ஆகும்?

பறவைகள் கூட்டமாகப் பறந்தால் ரீல்ஸுக்கு அழகாக இருக்கும் என்று கைதட்டுவது, கல் எறிவது, டிரோன் விடுவது எல்லாம் நடக்கிறது. நாமக்கோழியால் சட்டென்று மேலே எழும்ப முடியாது. தண்ணீர்மேல் வெகுதூரம் ஓடி, சிறகடித்துத்தான் கிளம்ப வேண்டும். வெளிநாட்டு வாத்துகளோ, திரும்பிப் போகும் பயணத்துக்காக இங்கே தின்று கொழுப்புச் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது. நமக்குப் பத்து விநாடி வீடியோ, அதற்கு வழிச்செலவு!

சரணாலயத்தைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. ஏரியைப் பார்க்காத குழந்தை, நாளைக்கு அது காணாமல் போனால் ஏன் என்று கேட்காது. வரட்டும், பார்க்கட்டும். தள்ளி நின்று பார்க்கட்டும், அவ்வளவுதான்.

நீங்களும் எண்ணலாம்!

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-லிருந்து வருடந்தோறும் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் நான்கு நாள் கணக்கெடுப்பும் உண்டு. குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் என்ற இலவச ஆப்பில் பதிய வேண்டும். ஏரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. சோலை நகர் மொட்டை மாடியில் நின்றால்கூட காகம், மைனா, தலைக்கு மேலே செம்பருந்து என்று ஆரம்பிக்கலாம்.

இதனால் என்ன பயன்? 'முன்னெல்லாம் நிறைய வரும்பா' என்று தாத்தா சொல்வது நினைவு. வருடா வருடம் எண்ணிப் பதிந்தால் அது கணக்கு. எந்தப் பறவை குறைகிறது, எந்த ஏரிக்கு ஆபத்து என்று கேட்க நம் கையில் கணக்கு வேண்டும்.

கிளம்பும் முன்...

* காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை சரியான நேரம். வெயில் முதுகில் விழும்படி நில்லுங்கள். அப்போதுதான் நிறம் தெரியும்.

* பளிச் நிற டிரெஸ், சென்ட், ஸ்பீக்கர் பாட்டு வேண்டாம்.

* பைனாகுலர் இருந்தால் நல்லது. வாங்குவதாக இருந்தால் '8x42' கேட்டு வாங்குங்கள்.

* பிஸ்கட், பொரி போடாதீர்கள். கவர், பாட்டிலைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

* யாராவது நாமக்கோழி, கொக்கு என்று கறிக்கு விற்றால் வாங்காதீர்கள். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

* பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, வரையட்டும்.