இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கார் எதற்கு?



காட்டுப்பள்ளித் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், அத்திப்பட்டு அனல்மின் நிலையம் ஆகியவற்றை நம்பி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் இன்று கார் நிற்கிறது. அல்லாஹ் வழங்கிய வசதியை அனுபவிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், முதிய பெற்றோரை ஊருக்கு அழைத்துச் செல்லவும் அந்தக் கார் பேருதவி புரிகிறது. நாம் பேச விரும்புவது அதன் மற்றொரு பயன்பாட்டைக் குறித்து. தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்கவும், பிள்ளையை மக்தபில் விடவும், அஸர் தொழுகைக்கு அரைக் கல் தொலைவிலுள்ள பள்ளிவாசலை அடையவும் அதே காரின் சாவியைத் தேடுகிறோமே, அதைப் பற்றித்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கடைக்கு 2 கிலோமீட்டர். போக வர 4. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்றால் நாளொன்றுக்கு 8 கிலோமீட்டர், மாதத்திற்கு 240. நெரிசலில் நின்று நின்று ஓடும் சிறிய கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்தாலே பெரிது. ஆக 20 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 24,000 ரூபாய். உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே ஆகும். குளிர்ந்த எஞ்சின் சூடேறும் வரை அதிக எரிபொருளைக் குடிக்கும். இரண்டு கிலோமீட்டரில் அது சூடேறுவதற்குள் கடை வந்துவிடுகிறது. இப்படியே ஓடும் காரில் பேட்டரி முழுமையாக ஏறுவதில்லை. எஞ்சின் எண்ணெயில் ஈரம் தங்கி அது விரைவில் கெடுகிறது. தொலைதூரம் ஓடும் காரைவிடத் தெருவைச் சுற்றும் கார்தான் மெக்கானிக்கிடம் அடிக்கடி போகிறது. ஓராண்டு பெட்ரோல் செலவில் வீட்டில் மூவருக்குச் சாதாரண சைக்கிள் வாங்கிவிடலாம்.

இதனினும் கவலைக்குரியது வட்டி. 5 இலட்சம் ரூபாயை 9.5 விழுக்காடு வட்டிக்கு 7 ஆண்டுத் தவணையில் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 8,170 ரூபாய். கடன் தீரும்போது வட்டியாக மட்டும் ஏறக்குறைய 1,86,000 ரூபாய் கொடுத்திருப்போம். வட்டியின் விலக்கலைப் பற்றி மதரஸா மாணவனுக்குக்கூடப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆயினும் "கார் இல்லாமல் முடியாது" என்ற வாதத்தின் பேரில் எத்தனையோ குடும்பங்கள் அதில் கையெழுத்திடுகின்றன. அந்த "முடியாது" என்பதைப் பிரித்துப் பார்த்தால், அதில் பெரும்பகுதி கடைக்கும் பள்ளிக்கும் டியூஷனுக்குமான சிறு பயணங்களாக இருக்கிறது. அவற்றை சைக்கிள் ஏற்றுக்கொண்டால், எஞ்சியுள்ள சில பயணங்களுக்கு ஆட்டோவோ வாடகைக் காரோ போதும். காரே வாங்காமல் காலம் தள்ள முடியும் என்று சில வீடுகள் கண்டுகொள்ளும். நம் பார்வையில் சைக்கிளால் வரும் ஆகப்பெரிய சேமிப்பு இதுவே. பெட்ரோல் அதற்கு அடுத்ததுதான்.

வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று குர்ஆன் (17:26, 27) எச்சரிக்கிறது. விரயம் என்றதும் கல்யாண விருந்தில் மிஞ்சிய பிரியாணிதான் நம் நினைவுக்கு வருகிறது. புகைக்குழாய் வழியே போகும் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நபி (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிவாசலுக்குச் செல்வார்கள். சில வேளை வாகனத்தில், சில வேளை நடந்தே என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மதீனாவில் தொலைவில் குடியிருந்த பனூ ஸலிமா குலத்தார் பள்ளிவாசலுக்கு அருகில் குடிபெயர எண்ணியபோது, அவர்கள் எடுத்து வைக்கும் காலடிகள் நன்மையாக எழுதப்படுகின்றன என்று கூறி, இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். தூரத்தை அவர்கள் பாரமாகப் பார்க்கவில்லை.

சைக்கிள் இந்த மண்ணுக்குப் புதிதன்று. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைச் சங்கு ஊதியதும் ஷிப்டு முடிந்த தொழிலாளர்கள் சைக்கிளில் வீடு திரும்பிய காலத்தை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் புல்லட், அம்பத்தூரில் சைக்கிள் என்று நாட்டுக்கே வண்டி செய்து தந்த பகுதி இது. அந்த மூன்றில் மலிவானதை நாமே கைவிட்டுவிட்டோம் என்பது வேடிக்கைதான்.

"ஆண்கள் ஓட்டட்டும், பெண்கள் எப்படி?" என்ற கேள்வி உடனே எழும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் அணிவகுத்தனர். அவர்களில் கட்டுப்பாடு மிகுந்த குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் பெண்களும் இருந்தனர். தொடக்கத்தில் ஏச்சும் பேச்சும் கேட்டவர்கள், பிறகு தண்ணீர் சுமக்கவும் விளைபொருளை விற்கவும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும் யாரையும் எதிர்பார்க்காமல் சென்றனர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்களின் சைக்கிளையே வாங்கினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

பெண் வாகனம் ஓட்டுவதை மார்க்கம் தடுத்ததாக நாம் படித்த நூல்களில் இல்லை. ஒட்டகம் ஏறும் பெண்களில் குறைஷிப் பெண்கள் சிறந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதாக ஹதீஸ் உண்டு. ஆடை ஒழுக்கம் ஆணுக்கும் பெண்ணுக்கும் எங்கும் இருப்பதுதான். சைக்கிளுக்காக அது தளரவும் வேண்டாம், இறுகவும் வேண்டாம். நம் பெண்பிள்ளைகளைத் தடுப்பது சட்டம் அன்று, "பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள்" என்பதே. மதரஸாவிலிருந்து இதைச் சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை என்று கருதுகிறோம். அரசு தரும் விலையில்லாச் சைக்கிளில் நம் பிள்ளைகள் பதினோராம் வகுப்புக்குச் செல்கிறார்கள். அந்தச் சைக்கிள் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஏன் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்க வேண்டும்?

இனி, உண்மையான தடைக்கு வருவோம். நம் பகுதிச் சாலை கன்டெய்னர் டிரெய்லர்களின் சாலை. எண்ணூர் விரைவுச் சாலையிலும் துறைமுகங்களுக்குச் செல்லும் சாலைகளிலும் குழந்தையைச் சைக்கிளில் அழைத்துச் செல்லுங்கள் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். அங்கே பணத்தைச் சேமிக்கப் போய் உயிரை இழப்பது அறிவுடைமை ஆகாது. தனக்கும் பிறருக்கும் தீங்கு கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. நிலக்கரித் தூசி நிறைந்த காற்றும் இருக்கிறது. ஆகவே நம் பரிந்துரை உள்தெருக்களுக்கு மட்டுமே: மீஞ்சூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டுக் குடியிருப்புகளுக்குள், கடை, மக்தப், ரயில் நிலையம் வரை. இராயபுரம், மண்ணடிச் சந்துகளில் வசிப்போருக்குக் காரை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் சைக்கிளில் போய்த் திரும்பியே விடலாம்.

குடும்பமாகச் செல்லும்போது தந்தை முன்னும், பிள்ளைகள் நடுவிலும், தாய் பின்னும் வரிசையாகச் செல்வது நல்லது. சங்கிலிக்கு மூடியும் பின்சக்கரத்திற்குத் தடுப்பு வலையும் கட்டாயம். பர்தாவும் துப்பட்டாவும் சிக்குவது அங்கேதான், பின்னால் உட்காரும் குழந்தையின் பாதம் கம்பிகளுக்குள் நுழைவதும் அங்கேதான். திரும்ப நிற்கும் லாரியின் இடப்பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். மஃரிபுக்குப் பின் விளக்கின்றிப் போக வேண்டாம். நாற்பதைத் தாண்டிய நம் போன்றோர் முதல் வாரம் மூச்சு வாங்கினால் வெட்கப்பட வேண்டாம், இரண்டாம் வாரம் சரியாகிவிடும்.

பெரிய சாலைகளைப் பாதுகாப்பாக்குவது தனிக்குடும்பத்தால் ஆகக்கூடியதன்று. நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். 1973-இல் பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகே அந்நாட்டில் தனிச் சைக்கிள் பாதைகள் பரவலாக எழுந்தன. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை அதற்கு ஒதுக்குவதாகச் சொன்னது. திருவொற்றியூரும் எண்ணூரும் மாநகராட்சிக்குள் இருக்கின்றன. அங்குள்ள ஜமாஅத்தார் தம் வார்டு உறுப்பினரிடம் அந்தக் கொள்கையின் பெயரைச் சொல்லியே கேட்கலாம். காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டத்தில், மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பதால், அக்கொள்கை அங்கே எட்டாது. துறைமுகத்திற்குச் சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் ஓரத்தில் தடுப்புடன் கூடிய சைக்கிள் பாதை வேண்டும் என்று ஊராட்சியும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மீனவ கிராமத்தாரும் சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளி எந்த மதத்தவராயினும் அவருக்கும் அந்தப் பாதை வேண்டும்.

அதற்குக் காலமாகும். அதுவரை பள்ளிவாசல் நிர்வாகிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜும்ஆ அன்று வாசல் முழுவதையும் கார்கள் அடைத்துக்கொள்ள, சைக்கிளில் வரும் முதியவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொழுகையில் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கார் நிற்கும் இடத்தில் இருபது சைக்கிள் நிற்கும். அங்கே நிழலும் பூட்ட ஒரு கம்பியும் போட்டுத் தாருங்கள். பெண்கள் வரும் வாசல் பக்கமும் ஒன்று. மக்தப் பிள்ளைகளுக்காக ஒரு காற்றடிக்கும் பம்பும் இருந்தால் நல்லது.