அண்டை வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தறிவிப்போம்!



தமிழ் வாழ்க என மேடைதோறும் முழங்குகின்றோம். கடைப்பலகைகளில் தமிழே தலைமை பெறல் வேண்டும் என்கின்றோம். வேற்றுமொழிச் சொற்களைக் களைந்து எழுதுகின்றோம். இவையனைத்தும் செய்யத்தக்கனவே. ஆயின் ஒரு வினா. அப் பலகையைப் படிக்கப்போகின்றவர் யார்? நம் அடுத்த வீட்டில் வளரும் எட்டு அகவைப் பிள்ளை அதனைத் தடுமாறாமல் படிக்குமா? படிக்காதெனின், நாம் மீட்டெடுக்கும் தமிழ் யாருக்காக?

நம் தெருக்களில் இருவகைப் பிள்ளைகளைக் காண்கின்றோம். ஒருவகையினர் கூலிப்பணிக்குச் செல்வோரின் மக்கள். பள்ளிக்குப் போகின்றனர்; ஆனால், மாலையில் ஏட்டைத் திறந்தால் அருகிருந்து கேட்பதற்கு வீட்டில் எழுத்தறிந்தார் இலர். மற்றொரு வகையினர் ஆங்கிலவழிப் பள்ளியில் கட்டணங் கட்டிப் பயில்வோர். ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்கும் இவர்களும் தமிழ் நாளிதழின் தலைப்பை எழுத்துக்கூட்டியே படிக்கின்றனர். முன்னவர்க்கு வறுமை தடை. பின்னவர்க்குப் பெற்றோரின் ஆங்கில மயக்கம் தடை. இருசாரார்க்கும் அண்டையில் வாழும் தமிழறிந்தார் நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்கினால் போதும், நிலைமை மாறும்.

அண்டை வீட்டார்க்கு உதவுதல் நமக்குப் புதிதன்று. உதவித்தொகைப் படிவத்தைக் கையில் ஏந்தி, "ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று ஓர் அம்மையார் வாயிலில் நின்றால், படித்துச் சொல்லி நிரப்பியும் தருகின்றோம். நல்லதே. ஆயினும் அடுத்த திங்களும் அவர் அதே வாயிலில் நிற்பார். அவர் மகள் ஐந்தாம் வகுப்பில் பயில்கின்றாளெனின், "பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்கம்மா" என்று சொல்லுங்கள். அச் சிறுமியை அமர்த்தி, அத் தாளை அவள் வாயாலேயே படிக்கச் செய்யுங்கள். தடுமாறும் இடத்தில் மட்டும் துணைநில்லுங்கள். மகள் படிக்கக் கேட்கும் தாயின் முகத்தைப் பாருங்கள்! அவர் மீண்டும் நம்மைத் தேடி வரவேண்டாதபடி செய்வதே பேருதவி.

இவ்வாறு கற்பித்தல் நம் மண்ணின் வழக்கமே. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இளையோர்க்குக் கற்பித்தான். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றை நடத்திய ஆண்ட்ரு பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் கையாண்டு, 1797-இல் நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்றே பெயர்பெற்றுப் பரவிற்று. அண்மையிலும், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அவ்வப் பகுதித் தன்னார்வலரே மாலைவேளைகளில் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். அரசுத் திட்டம் இருப்பினும் இல்லாவிடினும் நம் திண்ணை நம்முடையதே.

கற்பிக்கும் முறையிலும் கருத்து வேண்டும். எழுத்துகள் 247 என்று சொல்லி அச்சுறுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய்க் குறிகள் சில. இவை படிந்தால் எஞ்சியவை தாமே அமையும். கெ, கே, கை என்பவற்றில் கொம்பும் இணைக்கொம்பும் முன்னே நிற்க, அவற்றின் ஒலியோ பின்னே வரும். பிள்ளைகள் மயங்கும் இடம் அது, பொறுமையாய் விளக்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் 'படிச்சேன்' என்று பேசும் பிள்ளை நூலில் 'படித்தேன்' எனக் கண்டு திகைக்கும். அதன் பேச்சை எள்ளுதல் கூடாது. முதலில் நாம் உரக்கப் படித்துக் காட்டல் வேண்டும். நூல்மொழி செவிக்குப் பழகினால் கண்ணுக்கும் எளிதாகும். லகர ளகர ழகரப் பிழைகளைச் சொல்லுக்குச் சொல் திருத்தித் துளைக்காதீர்கள். அஞ்சியஞ்சிப் படிக்கும் பிள்ளை நூலையே வெறுக்கும். தூய தமிழ் பேணும் நாமே பிள்ளையைத் தமிழினின்று விரட்டலாமா?

நூலுக்கு எங்கே போவது என்பீர்கள். பொது நூலகச் சட்டம் நம் மாநிலத்தில் 1948-இலேயே இயற்றப்பட்டது. வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்துகின்றோம். நம் வரியால் நடக்கும் கிளை நூலகத்திற்குக் கிழமைக்கொருமுறை பிள்ளைகளை அழைத்துச் சென்று, அவர்கள் விரும்பும் நூலை அவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். பாவலரேறு பெருஞ்சித்திரனார் தென்மொழியோடு நின்றாரல்லர். சிறுவர்க்கென்றே தமிழ்ச்சிட்டு என்னும் இதழையும் நடத்தினார். இளம்பிள்ளைகளை விட்டுவிட்டு இயக்கம் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே அன்பர்களே, ஆளுக்கொரு பிள்ளை, நாளுக்குக் கால்மணி. பெருஞ்செலவு இல்லை; எவரிடமும் இசைவு கேட்கவேண்டுவதில்லை. பிள்ளைகள் படிக்காத மொழி எத்துணைப் பழம்பெருமை உடையதாயினும் வாழாது. இன்று மாலையே அடுத்த வீட்டுப் பிள்ளையை அழையுங்கள்!