அளவு மட்டும் போதுமா, அச்சு வேண்டாமா?

ராத்திரி எட்டரை மணி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அப்போதுதான் அந்தத் தம்பி வந்தார். தோளில் லேப்டாப் பை, முகத்தில் நாலு நாள் தாடி. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமாம். "ஒரே ஒரு பாட்டை நடுவுல வச்சேன்க்கா. மொத்தத் தீசிஸும் நடுவுக்கு வந்துட்டு" என்றார். திறந்து பார்த்தேன். 280 பக்கமும் கல்யாணப் பத்திரிகை மாதிரி நடுவில் நின்றது.

பாளையங்கோட்டையில் 22 வருஷமாக டைப்பிங், டி.டி.பி., ஜெராக்ஸ், பைண்டிங் என்று போர்டு போட்ட கடை நடத்துகிறேன். கல்லூரிகள் நிறைந்த ஊர். ஆய்வேடுகள்தான் எனக்குச் சோறு. அதனால் இந்தக் கோளாறு எனக்குப் பழைய கூட்டாளி. வேர்டில் எந்தப் பத்தியும் அநாதையாக நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு 'ஸ்டைல்' இருக்கிறது. அந்த ஸ்டைலைத் திருத்தும் பெட்டியின் அடியில், தானாகப் புதுப்பித்துக்கொள் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் விழுந்திருந்தால் ஒரு பத்தியில் செய்கிற மாற்றம் அதே ஸ்டைலில் உள்ள எல்லாப் பத்திக்கும் போய்விடும். உடனே கண்ட்ரோல் இசட் அழுத்தியிருந்தால் தப்பித்திருக்கலாம். தம்பி பதறிப்போய் சேவ் செய்து மூடிவிட்டார்.

டிக்கை எடுத்தேன். பத்தி ஸ்டைலை இரண்டு ஓரமும் சீராக நிற்கும்படி மாற்றினேன். பாட்டுக்கென்று தனி ஸ்டைல் ஒன்று உண்டாக்கினேன். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இந்த டிக்கை யார் போட்டது தம்பி?" என்று கேட்டேன். "தெரியலக்கா. இது சீனியர் அண்ணன் ஃபைல்" என்றார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் ஆய்வேடு எப்படிப் பிறக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சீனியரின் கோப்பைத் திறந்து, உள்ளதை அழித்து, அந்த இடத்தில் தன்னுடையதை அடிப்பார்கள். அந்த சீனியர் தனக்கு முந்தைய சீனியரிடம் வாங்கியிருப்பார். கோப்பின் விவரப் பகுதியைத் திறந்தால், எழுதியவர் பெயர் என்ற இடத்தில் என்றோ பட்டம் வாங்கிப் போனவரின் பெயர் உட்கார்ந்திருக்கும். நாலாம் இயலின் பக்க மேல்வரியில் யாரோ ஒருவருடைய இயல் தலைப்பு அப்படியே கிடக்கும். ஒருவர் தெரியாமல் போட்ட டிக், பரம்பரைச் சொத்து மாதிரி நாலைந்து தலைமுறைக்கு இறங்கும்.

இதற்கு மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கைக்கு வருவது என்ன? விதிமுறைத் தாள் ஒன்று. இடப்பக்கம் ஒன்றரை அங்குலம், மற்ற பக்கங்கள் ஒரு அங்குலம், எழுத்து 12 புள்ளி, தலைப்பு 14, இரட்டை இடைவெளி என்று வரிசையாக அளவுகள் இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கிறவர்களும் உண்டு. ஆனால் அந்த அளவுகளெல்லாம் ஏற்கெனவே உள்ளே பொருத்தப்பட்ட கோப்பு ஒன்றை, டெம்ப்ளேட் என்கிறோமே, அதை என் கடைக்கு வந்த எந்த மாணவரும் கொண்டுவந்ததில்லை. முறுக்கின் கனமும் வட்டமும் எழுதிக் கொடுத்துவிட்டு, அச்சை மட்டும் தராமல் சமையல்கட்டுக்கு அனுப்புவது மாதிரி இது.

நானும் அச்சில்லாமல் வளர்ந்தவள்தான். 1994-இல் இன்ஸ்டிடியூட்டில் தட்டச்சு படித்தேன். தலைப்பை நடுவில் வைக்க வேண்டுமென்றால் தாளின் மையத்துக்கு வந்து, இரண்டு எழுத்துக்கு ஒரு தடவை வீதம் பின்னால் தள்ளி, அங்கிருந்து அடிக்க வேண்டும். பத்தி தொடங்க ஐந்து தட்டு. அந்த மிஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு தலைப்புக்கும் நாம்தான் மறுபடி எண்ண வேண்டும். கணினி வந்த பிறகும் கை அப்படியே தொடர்ந்தது. தலைப்பைத் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் தள்ளி, இடைவெளிக்கு நாலு என்டர் தட்டி, அடுத்த பக்கத்துக்குப் போகப் பதினேழு என்டர் தட்டுவோம். விலையுயர்ந்த தட்டச்சு மிஷினாகத்தான் அதைப் பாவித்தோம்.

ஸ்டைல் என்ற சொல்லும் நம்மை ஏமாற்றிவிட்டது. ஸ்டைல் என்றால் நமக்கு ரஜினி ஞாபகம் வரும், ஒப்பனை ஞாபகம் வரும். உண்மையில் அது பத்தியின் வேலைப்பெயர். இது இயல் தலைப்பு, இது உள்தலைப்பு, இது மேற்கோள், இது அடிக்குறிப்பு என்று கணினிக்குச் சொல்வது. பள்ளிக்கூடச் சீருடையை நினைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்புக்கு இனி மெரூன் நிறம் என்று ஒரே ஒரு சுற்றறிக்கை போதும். ஒவ்வொரு பிள்ளையின் சட்டையையும் வாங்கிச் சாயம் போட வேண்டியதில்லை. இது நேற்று வந்த வசதியும் அல்ல. 1983-இல் வேர்டின் முதல் பதிப்பு வந்தபோதே ஸ்டைல் ஷீட் அதில் இருந்தது. நாற்பது வருஷம் தாண்டியும் நாம் சாயம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கடைக்கு வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். பத்தியின் குணமெல்லாம் அதன் கடைசியில் நிற்கும் கண்ணுக்குத் தெரியாத பத்திக்குறியில் இருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது தெரியும். அதை அறியாமல் அழித்துவிட்டு, "தலைப்பும் பத்தியும் ஒட்டிக்கிடுச்சுக்கா, உருவமும் மாறிப்போச்சு" என்று வருவார்கள். ஸ்டைலை மாற்றியும் ஒரு பத்தி மட்டும் முரண்டு பிடித்தால், யாரோ கையால் போட்ட சாயம் மேலே இருக்கிறது என்று அர்த்தம். கண்ட்ரோல் கியூ பத்தியின் சாயத்தைக் கழுவும். கண்ட்ரோல் ஸ்பேஸ் எழுத்தின் சாயத்தைக் கழுவும். இன்னொன்று, பெரும்பாலான ஸ்டைல்கள் 'நார்மல்' என்ற தாய் ஸ்டைலைப் பார்த்து நடப்பவை. நார்மலின் இடைவெளியைத் தொட்டால் மேற்கோள், பட்டியல் என்று பலவும் சேர்ந்து அசையும். அதனால் ஆய்வேட்டின் பத்திக்கு நார்மலைத் தொடாமல் தனி ஸ்டைல் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

சிலர் சனிக்கிழமை அழகாகத் திருத்திவிட்டு, திங்கட்கிழமை திறந்தால் பழைய உருவத்துக்கே திரும்பியிருக்கிறது என்று புலம்புவார்கள். பேயும் இல்லை, வைரஸும் இல்லை. கோப்போடு டெம்ப்ளேட்டை ஒட்டும் பெட்டியில், திறக்கும்போதெல்லாம் ஸ்டைலைப் புதுப்பி என்ற இன்னொரு டிக் இருக்கிறது. அது விழுந்திருந்தால் டெம்ப்ளேட் சொல்வதுதான் ஒவ்வொரு முறையும் ஜெயிக்கும்.

நானே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். ஒரு வக்கீலுக்காக நார்மலை இரட்டை இடைவெளிக்கு மாற்றும்போது, புதிய ஆவணங்களுக்கும் இதுவே என்ற தேர்வைக் கவனிக்காமல் அழுத்திவிட்டேன். மறுநாள் முழுக்க நான் அடித்த மனு, பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் இரட்டை இடைவெளியில் வந்தன. ஒரு பக்க மனுவுக்கு இரண்டு பக்கக் காசு கேட்கிறேன் என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். வேர்டை மூடிவிட்டு, நார்மல் டாட் டாட்எம் என்ற கோப்பின் பெயரை மாற்றினேன். அடுத்த முறை திறந்தபோது வேர்டு தனக்குப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. அழித்துவிடாமல் பெயரை மட்டும் மாற்றுவது நல்லது. நாம் சேர்த்துவைத்த குறுக்குவழிகளும் அதற்குள்தான் இருக்கும்.

தமிழில் அடிப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை. வேர்டு தமிழைச் சிக்கலான எழுத்துமுறைகளின் வரிசையில் வைத்திருக்கிறது. ஸ்டைலில் எழுத்தளவு 12 என்று போட்டால் அது ஆங்கிலத்துக்கு மட்டும் போய்ச் சேரலாம். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் தனிப் பெட்டியில் இருக்கின்றன. தமிழை எடிட்டிங் மொழியாகச் சேர்க்காத கணினியில் அந்தப் பெட்டி கண்ணிலேயே படாமல் போகும். இன்னும் பாமினி எழுத்துருவில் அடித்த இயலையும் யூனிகோடில் அடித்த இயலையும் ஒரே கோப்பில் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியிருப்பவை. ஸ்டைல் எழுத்துருவை மாற்றியதும் வேஷம் கலைந்துவிடும். 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று பல்லைக் காட்டும். இத்தனைக்கும் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இலேயே. முதலில் எழுத்தை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஸ்டைலைத் தொட வேண்டும். இந்த இரண்டு வரியை எந்த விதிமுறைத் தாளிலும் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் அலங்காரச் சமாச்சாரம்தானே, அச்சில் நன்றாக வந்தால் போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு வாடிக்கையாளர் வரும் வரைக்கும். அவர் பார்வையற்றவர். திரையை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளைக் கொண்டு படிப்பவர். ஹெச் விசையைத் தட்டத் தட்ட அது அடுத்தடுத்த தலைப்புக்குத் தாவும். நான் அடித்துக் கொடுத்த ஓர் ஆய்வேட்டைத் திறந்து தட்டினார். எங்கும் நகரவில்லை. "உங்க ஃபைல்ல தலைப்பே இல்லையே மேடம்" என்றார். தடித்த எழுத்தில் நாற்பது தலைப்பு என் கண்ணுக்குத் தெரிந்தது. கணினிக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. தெரியாததால் அவருக்கும் இல்லை. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. பொருளடக்கம் தானாக உருவாவதும் ஸ்டைல் என்ற அந்தப் பெயரை நம்பித்தான். பெயர் வைக்காதவர்கள் பக்க எண்ணைக் கையால் அடித்து, கடைசி நேரத்தில் ஒரு படம் சேர்த்ததும் எல்லா எண்ணையும் மாற்றிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்.

நான் கேட்பது பெரிய திட்டமோ நிதியோ அல்ல. அளவு சொல்லும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், ஒவ்வொரு அலுவலகமும், அந்த அளவு பொருந்திய காலிக் கோப்பு ஒன்றையும் விதிமுறைத் தாளின் பக்கத்திலேயே வைக்கட்டும். வேர்டுக்கு ஒன்று, லிப்ரே ஆபிசுக்கு ஒன்று. தமிழ் எழுத்துருவும் அளவும் சரியாக அமைந்த கோப்பாக இருக்கட்டும். விவரம் தெரிந்த ஒருவருக்கு இரண்டு நாள் வேலை. அரசுத் தட்டச்சர் வேலைக்குக் கேட்கிற கணினிச் சான்றிதழ்த் தேர்வில், குழம்பிக் கிடக்கும் கோப்பு ஒன்றைக் கொடுத்து, ஸ்டைல் போட்டுச் சரிசெய்யச் சொல்லி ஒரு கேள்வி கேட்கட்டும். வேகமாக அடிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடித்ததற்குப் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

"அப்படி ஒன்று வந்துவிட்டால் உன் பிழைப்பு என்ன ஆகும்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ராத்திரி எட்டரை மணிக்கு வருகிற அவசரம்தான் எனக்கு அதிகக் காசு தரும். ஆனால் நாலு வருஷம் உழைத்து எழுதியவன், கடைசி ராத்திரி தன் சிந்தனையைத் திருப்பிப் படிக்காமல் இடைவெளியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு வாங்குகிற காசு அது. பைண்டிங் காசு போதும் எனக்கு.

அன்றைக்கு அந்தத் தம்பியின் வேலை முடிந்ததும், அவருடைய கோப்பைப் பிரதி எடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, ஸ்டைல்களை மட்டும் விட்டு, இதை ஜூனியர்களுக்குக் கொடுங்கள் என்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த முடியாது, கை மாறுகிற பொருளாவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு பெண் வந்தார். பைண்டிங் மட்டும் போதும் என்றார். கோப்பைத் திறந்தேன். தலைப்புகள் தலைப்புகளாக இருந்தன, பொருளடக்கம் ஒரே தட்டில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது, எங்கும் அந்த டிக் இல்லை. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் மட்டும் அந்தப் பழைய சீனியர் உட்கார்ந்திருந்தார். அதை அழிக்க மறந்தது என் தப்பு.