லட்சத்தீவு யாருக்குச் சொர்க்கம்?

பனமரத்துப்பட்டி டீக்கடையில் சென்ற வாரம் ஒரு வர்ணத் துண்டுப் பிரசுரம் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள் அச்சடித்தது. நீலக் கடல், வெண்மணல், சாய்ந்த தென்னை, நீரின் மேல் கால் ஊன்றி நிற்கும் குடில்கள். "பூலோக சொர்க்கம் லட்சத்தீவு" என்று கொட்டை எழுத்து. இளைஞர்கள் ஆசையோடு பார்த்தார்கள்.

2018ல் எட்டு வழிச் சாலைக்கென்று தன் நிலத்தில் சர்க்கார் கல் நட்டதைக் கண்ட பெரியவர் ஒருவரும் அங்கே இருந்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்டார்: "படமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அந்த ஊர்ச் சனத்தையே காணோமே, தம்பி?"

கேள்வி என்றால் இதுவல்லவா கேள்வி! அதற்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

படத்தில் இல்லாத மக்கள்

லட்சத்தீவு நமக்கு அந்நியமான இடமல்ல. 1956 நவம்பர் 1ல் தனி யூனியன் பிரதேசமாகும் வரை அது பழைய சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. மொத்தம் 36 தீவுகள். அத்தனையும் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர்தான். நம் பனமரத்துப்பட்டி ஏரியைப் போல மூன்று நான்கைச் சேர்த்தால் லட்சத்தீவு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஜனங்கள் வசிப்பது 10 தீவுகளில். 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். மிகப் பெரும்பாலோர் பழங்குடிப் பட்டியலில் உள்ள முஸ்லிம்கள். தென்னையும் சூரை மீனும் அவர்களது ஜீவனம்.

2020 டிசம்பரில் அங்கே புது நிர்வாகி வந்தார். அடுத்த சில மாதங்களில் வரிசையாக உத்தரவுகளும் நகல் சட்டங்களும் கிளம்பின. "அபிவிருத்தி" என்று சொல்லி எந்த நிலத்தையும் எடுக்க அதிகாரம் தரும் நகல் ஒன்று. அதில் அபிவிருத்தி என்பதற்குள் சுரங்கம் தோண்டுவதும் கல் உடைப்பதும் அடக்கம்! 32 சதுர கிலோமீட்டர் பவழத் திட்டில் சுரங்கம்! குற்றங்கள் மிக அரிதான அந்தத் தீவுகளுக்கு, விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க வழி செய்யும் குண்டர் சட்ட நகல் இன்னொன்று. கரையோரத்தில் மீனவர்கள் வலையும் படகுச் சாமான்களும் வைக்கும் கொட்டகைகள் விதிமீறல் என்று இடிக்கப்பட்டன. பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவிலிருந்து இறைச்சி நீக்கப்பட்டது. மதுவிலக்கு நிலவிய தீவுகளில் உல்லாசிகளுக்கு மட்டும் மது விற்க ஏற்பாடு நடந்தது. குழந்தையின் தட்டில் கறி இருக்கக் கூடாதாம். விருந்தாளியின் கோப்பையில் சாராயம் இருக்கலாமாம்! இது யாருக்கான நியாயம்?

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 2021 ஜூன் 7ல் தீவுகள் நெடுக 12 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு கேரள சட்டசபை ஏகமனதாகத் தீர்மானம் போட்டு அவர்கள் பக்கம் நின்றது.

தூண்டில்காரனின் கடல்

2023 ஜனவரியில் டாடாவின் ஹோட்டல் கம்பெனி சுஹேலி, கத்மத் தீவுகளில் இரண்டு தாஜ் விடுதிகள் கட்டப்போவதாக அறிவித்தது. சுஹேலியில் கரையில் 60 மாளிகை, நீர்மேல் 50. கத்மத்தில் கரையில் 75, நீர்மேல் 35. 2024 ஜனவரியில் பிரதம மந்திரி தீவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். உடனே "மாலத்தீவைப் புறக்கணி, லட்சத்தீவுக்குப் போ" என்று தேசபக்திக் கூச்சல் எழுந்தது. ஹோட்டல் வியாபாரத்துக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடைக்குமா?

"சுஹேலி ஆளில்லாத தீவுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். குடியிருப்பு இல்லை என்பது மெய். ஆனால் கவரத்தி மீனவர்கள் பருவந்தோறும் அங்கே போய்த் தங்கி மீன் பிடிக்கிறார்கள், தேங்காய் வெட்டுகிறார்கள்.

அவர்களது தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தீவைச் சுற்றியுள்ள பவழப் பாருக்கு உள்ளே ஆழமற்ற நீர்ப்பரப்பு இருக்கிறது. அங்கே பொடி மீன்களை உயிரோடு பிடித்துப் படகில் வைத்துக்கொள்கிறார்கள். வெளிக்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் பொடி மீனை வீசி, தண்ணீரைத் தூவி, கழித் தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சூரையைத் தூக்குகிறார்கள். பெருவலை போட்டுக் கடலை வாரும் வேலை இல்லை. அந்த உள்நீர்ப்பரப்பில் பொடி மீன் இல்லையென்றால் வெளிக்கடலில் சூரையும் இல்லை. நீர்மேல் மாளிகைக்குத் தூண் இறக்குவது எங்கே? அதே உள்நீர்ப்பரப்பில்! உழுகிற வயலின் நடுவில் சத்திரம் கட்டுவது போன்றது இது.

கடல் சூடேறி 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளுத்த பவழங்கள் 2024லும் வெளுத்தன. நோயாளியின் மார்பில் ஏறி நின்று மாளிகை கட்டலாமா?

ஒன்பது லிட்டர் தண்ணீர்

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். அங்கே ஆறில்லை, மலையில்லை. பவழ மணலுக்கடியில் உப்பு நீரின் மேல் ஏடுபோல மிதக்கும் மழைநீரே கிணற்று நீர். அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும். 2005ல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர். கவரத்தியின் ஜனத்தொகை சுமார் 11,000. தலைக்கு 9 லிட்டர். ஒரு குடம்கூட நிறையாது! இத்தகைய தீவுகளில்தான் குளியல் தொட்டியோடு மாளிகைகள் வரப்போகின்றன.

தண்ணீர் யாருக்குப் போகிறது என்பது நம் ஊருக்குப் புரியாத விஷயமல்ல. 1911ல் நம் மண்ணில் ஏரி வெட்டியது சேலம் நகரத்தின் தாகத்துக்காக. மேட்டூர்த் தண்ணீர் நகரத்துக்கு வந்ததும் ஏரியைக் கவனிப்பாரில்லை; சீமைக் கருவேலம் மண்டிக் காடாயிற்று. தேவை தீர்ந்ததும் கைவிடுவது பெரிய இடத்து வழக்கம். பவழம் செத்து மீனும் போனால் ஹோட்டல்காரர் வேறு தீவு தேடுவார். தீவுக்காரர் எங்கே போவார்?

வேலை கிடைக்காதா?

"விடுதி வந்தால் உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை கிடைக்குமே" என்பது அடுத்த வாதம். மாலத்தீவைப் பாருங்கள். 1972ல் குரும்பாவில் முதல் விடுதி எழுந்தது. பிறகு தீவுக்கு ஒரு விடுதி என்று வளர்ந்தது. சொந்த ஜனங்கள் வாழும் தீவுகளில் அவர்களே சிறு தங்கும் விடுதி நடத்த வழி பிறந்ததோ 2009 வாக்கில்தான். குப்பை கொட்டுவதற்கென்று 1992 முதல் திலஃபுஷி என்ற தனித் தீவே உருவாயிற்று. விருந்தாளி கண்டது நீலக் கடல். குப்பை மலையை அவர் காணவில்லை.

நாம் பிரயாணத்துக்கு விரோதிகளல்ல. உழைத்துக் களைத்த நெசவாளியும் ஆசிரியரும் கடலைப் பார்க்க வேண்டும் என்றே விரும்புகிறோம். தீவுக்காரர் தம் வீட்டிலும் கூட்டுறவு விடுதியிலும் விருந்தினரை ஏற்கட்டும். எத்தனை பேரைத் தீவு தாங்கும் என்பதை அவர்களது பஞ்சாயத்து நிர்ணயிக்கட்டும். முதலில் போதிய கப்பலும், ஆஸ்பத்திரியும், குடிநீரும் வரட்டும். மாளிகை பிறகு ஆகட்டும். அவர்கள் சம்மதமின்றி ஒரு தூணும் கடலில் இறங்கக் கூடாது.

2025 ஜூலையில் பித்ரா தீவு முழுவதையும் ராணுவத் தேவைக்கு எடுக்க உத்தேசித்து அறிவிப்பு வந்தது. 2011ல் அங்கே இருந்தவர்கள் 271 பேர். சின்னத் தீவு, குறைந்த ஜனம், யார் கேட்பார்கள் என்ற நினைப்பு!

நாம் கேட்போம். பூலாவரியிலும் நாழிக்கல்பட்டியிலும் வயலில் நட்ட கல்லைக் கண்டு பெண்கள் கதறியபோது வெளியூர் ஜனங்கள் நமக்காகக் குரல் கொடுத்தார்கள். அந்தக் கடன் நமக்கு இருக்கிறது. அடுத்த முறை வர்ணப் பிரசுரம் கைக்கு வந்தால், டீக்கடைப் பெரியவர் கேட்டதையே நாமும் உரக்கக் கேட்போம்: அந்த ஊர்ச் சனம் எங்கே?