கம்ப்யூட்டர் வந்தா கணக்கு மறந்துடுமா?

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பழகினா பிள்ளைகளுக்குக் கணக்கு மறந்துடும்"னு எங்க நாஞ்சில் நாட்டு வாத்தியார்மார் பலபேர் இன்னமும் சொல்றாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. ஒரே ஒரு உதாரணம் சொல்றேன்.

ஒய் வர்க்கம் = எக்ஸ் வர்க்கம் + எக்ஸ் கனம். இதை வரைஞ்சு பாத்தா, கோடு வளைஞ்சு வந்து ஆதிப்புள்ளியில தன்னையே வெட்டிட்டுப் போகும், சிக்குக் கோலத்துச் சுழி மாதிரி. இந்த மாதிரி இடங்கள்தான் சிங்குலர் புள்ளி. கண்டுபிடிக்க முதல் வருஷ எஞ்சினியரிங் கணக்கே போதும்: சமன்பாட்டோட ரெண்டு பகுதி வகைக்கெழுவும் அந்தப் புள்ளியில பூஜ்யமாகணும்.

அந்தப் புள்ளி எவ்வளவு சிக்கலானதுன்னு அளக்க மில்னர் எண்னு ஒண்ணு இருக்கு. நம்ம சுழிக்கு அது 1. ஜெர்மனியில, கைசர்ஸ்லாட்டர்ன் பல்கலைக்கழகத்துல உருவான இலவச மென்பொருள் ஒண்ணு இருக்கு, பேரே 'சிங்குலர்'தான். வகைக்கெழு ரெண்டையும் அதுகிட்ட குடுத்து, வழக்கமான வரிசைமுறையில கேட்டா 2ன்னு சொல்லும்!

மென்பொருள் தப்பா? இல்ல மக்கா. எக்ஸ் = -2/3, ஒய் = 0 ங்கற இடத்துலயும் ரெண்டு வகைக்கெழுவும் பூஜ்யம். ஆனா அந்தப் புள்ளி நம்ம கோட்டுலயே கிடையாது. வரிசைமுறையை மாத்தி, 'ஆதிப்புள்ளிக்குப் பக்கத்துல மட்டும் பாரு'ன்னு சொன்னா சரியா 1 வரும். ஆக, கேள்வியை யோசிச்சுக் கேக்கத் தெரியாதவனுக்கு மெஷினால பிரயோஜனம் இல்ல. இதுல கணக்கு எங்க மறக்குது?

இதுக்கெல்லாம் அடித்தளம், 1965ல புருனோ புக்பெர்கர் தன்னோட ஆய்வேட்டுல குடுத்த குரோப்னர் பேசிஸ் முறை. 1964ல ஹிரோனாகா, சிங்குலாரிட்டிகளைப் படிப்படியா நீக்கிட முடியும்னு நிரூபிச்சார் (பூஜ்ய சிறப்பியல்பு உள்ள களங்கள்ல). அதைப் பிற்பாடு செய்முறையா மாத்தி, இன்னைக்கு சிங்குலர்லயே ஓட விடலாம். அதே துறையில பேர் வாங்கின நம்ம நாட்டு ஸ்ரீராம் அபயங்கர் (1930-2012), கடைசிவரைக்கும் ஹைஸ்கூல் அல்ஜிப்ராவுக்காக வக்காலத்து வாங்கினவர். கையால போட்டுப் பாக்குறதும் கணிதம்தான்ங்கறது அவர் கட்சி.

நான் படிச்ச காலேஜ்ல பகுதி வகையிடல்னா ரெண்டு மார்க், பதினாறு மார்க் கேள்வி. அவ்வளவுதான். ஒரு வளைகோட்டைக்கூட யாரும் வரைஞ்சு காட்டல. பக்கத்து லேப்ல அறுபது கம்ப்யூட்டர் சும்மா கிடந்துச்சு.

லேப் இருக்கு, மென்பொருளுக்குக் காசு வேண்டாம். மாசத்துக்கு ஒரு வகுப்பு இதுக்கு ஒதுக்கினா என்ன குறைஞ்சு போகும்?